கீதா சாராபாயும் அகமதாபாத் ஒலிநாடாக்களும்

கீதா சாராபாய் (1922–2011) இந்திய இசைக் கலைஞர். பக்கவாஜ் என்னும் தாளக் கருவியை வாசித்த முதல் பெண்களுள் ஒருவர். விண்வெளி அறிவியலாளர் விக்ரம் சாராபாயின் உடன்பிறந்தவர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் தொடங்கிய மின்னணு இசைக்கூடத்தில் இசை அமைத்தவர்களுள் இவரும் ஒருவர்.

நியூயார்க் பயணம்

மேலை இசையின் தாக்கத்தால் இந்திய இசை என்னவாகுமோ என்ற கவலை கீதாவுக்கு இருந்தது. எதிர்ப்பதற்கு முன் அதைக் கற்றறிய வேண்டும் என்று 1946இல் நியூயார்க் சென்றார். சிற்பி இசாமு நொகுச்சி அவரை இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் அறிமுகப்படுத்தினார். கேஜ் கட்டணம் வாங்கவில்லை. தனக்கு இந்திய இசையைக் கற்றுத்தந்தால் போதும் என்றார். சில மாதங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்தனர். இசை மனத்தை அமைதிப்படுத்தித் தெய்வீகத்தை ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருவது என்ற கருத்தைக் கீதாவிடம் கற்றதாகக் கேஜ் பின்னாளில் பலமுறை குறிப்பிட்டார். ஊர் திரும்பிய கீதா 1949இல் அகமதாபாத்தில் சங்கீத் கேந்திரா என்னும் அமைப்பை நிறுவினார்.

பதிவொலி இசை

இதே காலத்தில் பாரிசில் வேறொரு முயற்சி நடந்தது. பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர் 1948இல் இரயில் ஓசைகளைப் பதிவு செய்து, அப்பதிவுகளைக் கொண்டே ஓர் இசைப் படைப்பை உருவாக்கினார். கோயில் மணியோசையைப் பதிவு செய்து, மணியில் நாக்கு மோதும் முதல் ஒலியை மட்டும் நீக்கிவிட்டுக் கேட்டால் அது மணி என்றே தோன்றாது. குழலோசை போல இருக்கும். ஷேஃபர் இத்தகைய சோதனைகளையும் செய்தார். காந்த நாடா வந்தபின் வேலை எளிதாயிற்று. நாடாவைக் கத்தரிக்கலாம், ஒட்டலாம், பின்னோக்கி ஓட்டலாம், வளையமாக்கித் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யலாம். இன்று திரையிசையில் 'சாம்பிள்' எனப்படும் முறைக்கு முன்னோடி இதுவே.

அகமதாபாத் இசைக்கூடம்

1964இல் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவுடன் கேஜும் டேவிட் டியூடரும் இந்தியா வந்தபோது சாராபாய் குடும்பம் அவர்களை வரவேற்றது. அந்தத் தொடர்பின் பயனாக 1969இல் டியூடர் மீண்டும் வந்தார். ராபர்ட் மோக் வடிவமைத்த சிந்தசைசரையும் ஒலிநாடா இயந்திரங்களையும் நிறுவிக் கூடத்தைத் தொடங்கிவைத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை அமைத்தனர். தம்பூராவைத் தலைப்பில் நினைவுகூரும் படைப்பும் உண்டு. விண்கலப் பயணத்தைக் கற்பனை செய்யும் 'ஸ்பேஸ் லைனர் 2001' என்னும் படைப்பும் உண்டு. சில ஆண்டுகளிலேயே இம்முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன, வெளியுலகம் மறந்துவிட்டது.

மீட்பு

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் லண்டன் கலைஞர் பால் பர்காஸ் அந்த நாடாக்களைக் கண்டெடுத்தார். 2020இல் பிபிசி வானொலியில் அவற்றைப் பற்றி நிகழ்ச்சி வழங்கினார். 1969–1972 காலப் படைப்புகளின் தொகுப்பு 2023இல் வெளியானது.

வரலாற்றுப் பாடம்

சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகள் கறையான் அரித்த நிலையில் கிடைத்ததைத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஏடு கிடைத்தும் பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணின் வழியாகவே பண்கள் வகுக்கப்பட்டன என்றும் அந்நூல் சொல்கிறது. அங்கே ஏட்டிலிருந்து மறைந்த இசையை மனிதர் நினைவில் வைத்திருந்தனர்.

நாடா இசைக்கு அத்தகைய வழித்தோன்றல் இல்லை. அதைப் பாடிக் காட்ட முடியாது. குருவிடமிருந்து சீடருக்குச் செல்வதும் அரிது. நாடாதான் படைப்பு. அது சிதைந்தாலோ, அதை ஓட்டும் கருவி இல்லாமற்போனாலோ இசையும் போய்விடும். வீட்டுப் பரணிலும் பள்ளி அலமாரியிலும் பழைய ஒலிநாடாக்கள் இருந்தால், எறிவதற்கு முன் அதில் யார் குரல், எந்த ஆண்டு என்று உறைமேல் எழுதிவைப்பது நல்லது. மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய ஆவணப் பணி இது.