எண் 19019

‘வேர்ல்ட் ஆஃப் வார்க்ராஃப்ட்’ விளையாட்டை ஒரு நாள்கூட ஆடாமல் நாலு வருஷம் அதற்குள் வாழ்ந்தவன் நான். 2006இல் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது அதன் சந்தா மாதம் 14.99 டாலர். எங்கள் ஹாஸ்டல் மெஸ் பில்லில் ஏறக்குறைய பாதி. பணம் இருந்தாலும் கட்ட கிரெடிட் கார்டு வேண்டும், வீட்டில் யாரிடமும் இல்லை. ஆகவே லேப் முடிந்த பிறகு கிடைக்கும் இணையத்தில் அந்த விளையாட்டைப் படித்தேன். ஆமாம், படித்தேன். எந்தக் குகையில் எந்த அரக்கன், அவனை வீழ்த்தினால் என்ன கிடைக்கும், அதை யார் அணியலாம் என்று விக்கி பக்கங்களில் பக்கம் பக்கமாக. ஊதா நிறத்தில் ஒரு வாளின் பெயர் இருக்கும். அதன்மேல் மவுஸை வைத்தால் ஒரு கறுப்புப் பெட்டி விரியும். தாக்குதல் இவ்வளவு, வேகம் இவ்வளவு, உடல்வலு இவ்வளவு கூடும். சிலதில் கடைசி வரியாக மஞ்சள் எழுத்தில் ஒரு கிண்டல் வாக்கியமும் இருக்கும். எனக்கு அந்த உலகம் என்றால் அந்தப் பெட்டிகள்தான்.

டூல்டிப் என்று இதற்குப் பெயர். பள்ளிப் பாடப்புத்தகத்தில் செய்யுளுக்குக் கீழே சொற்பொருள் போட்டிருப்பார்களே, அந்த வேலைதான். கணினித் திரையில் இது முதலில் பொத்தான்களை விளக்க வந்தது. 1991இல் ஆப்பிளின் சிஸ்டம் 7இல் ‘பலூன் ஹெல்ப்’ இருந்தது. எதன்மேல் மவுஸ் போனாலும் காமிக்ஸ் புத்தகத்துப் பேச்சுக் குமிழி மாதிரி ஒன்று எழும்பும். விளையாட்டுகள் இந்த உத்தியை எடுத்து வேறு மாதிரி ஆக்கிவிட்டன. 2000இல் வந்த ‘டயாப்லோ 2’இல் ஒரு பொருளின்மேல் மவுஸை வைப்பதே ஒரு சின்ன சூதாட்டம். பெயர் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதிலேயே பாதி சந்தோஷம் தெரிந்துவிடும். அதே பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பர் 23 அன்று வார்க்ராஃப்டை வெளியிட்டபோது நிற வரிசை இப்படி இருந்தது: சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு. சாம்பல் குப்பை, ஆரஞ்சு ‘லெஜண்டரி’. இன்று ஃபோர்ட்நைட் ஆடும் பொடியனுக்குக்கூட ஊதா நீலத்தைவிட உசத்தி என்று தெரியும்.

விளையாட்டுக்குள் ஒரு பொருளைச் சாட்டில் காட்டினால் உண்மையில் அனுப்பப்படுவது முக்கியமாக ஓர் எண். ஆரஞ்சு வாள்களில் மிகப் புகழ்பெற்ற தண்டர்ஃபியூரிக்கு எண் 19019. அதை வாங்கும் கணினி சர்வரிடம் “19019 என்றால் என்ன?” என்று கேட்கும். வந்த பதிலை வன்தட்டில் ஒரு கேஷ் கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளும், அடுத்த முறை கேட்க வேண்டாம் என்று. ஆரம்ப காலத்தில் இதில் ஒரு வேடிக்கை இருந்தது. சர்வர் அதுவரை காணாத ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் அது பதில் சொல்லாமல் உங்களையே வெளியே தள்ளிவிடக்கூடும். ‘அட்லஸ்லூட்’ என்ற ஆட்-ஆனில் அப்படிப்பட்ட பொருள்களுக்குத் தனி எச்சரிக்கையே உண்டு. இந்தப் பொருள் ஆபத்தானது, முதலில் விளையாட்டு உலகில் இதை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று அது சொல்லும். யாரும் பார்க்காத பொருளுக்கு இருப்பே இல்லை! தத்துவ வகுப்பில் சொல்ல வேண்டியதை ஒரு ஆட்-ஆன் சொல்லியிருக்கிறது.

பிளிஸார்ட் அப்போது முழுப் பொருள் பட்டியலை வெளியே தரவில்லை. ஆடுபவர்களின் கணினிகளிலிருந்துதான் அது திரட்டப்பட்டது. தாட்பாட் என்ற தளம், காஸ்மாஸ் என்ற ஆட்-ஆன் தொகுப்பை நிறுவியவர்களிடமிருந்து தகவல் வாங்கியது. 2006இல் வந்த வாவ்ஹெட் அந்த கேஷ் கோப்புகளையும் படித்தது. எந்த அரக்கனிடம் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்ற கணக்கெல்லாம் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அனுப்பிய துணுக்குகளால் ஆனது.

வாவ்ஹெட் செய்த கெட்டிக்காரத்தனம், தன் பெட்டியை மற்ற தளங்களுக்கும் கடன் கொடுத்தது. உங்கள் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்தால் போதும். பக்கத்திலுள்ள வாவ்ஹெட் இணைப்புகளின்மேல் மவுஸ் போகும்போதெல்லாம் விளையாட்டில் உள்ளது போலவே பெட்டி விரியும். அந்தக் காலத்து பிரவுசர்கள் ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்திடம் நேரடியாகத் தகவல் கேட்பதை அனுமதிக்காது. அதனால் மவுஸ் போனதும் அந்த ஸ்கிரிப்ட் இன்னொரு ஸ்கிரிப்டைப் பக்கத்துக்குள் நுழைக்கும். அது ‘இந்த எண்ணுக்கு இந்தப் பெயர், இந்த நிறம், இந்தப் பெட்டி’ என்று பதிவு செய்துவிட்டுப் போகும். பார்த்தவுடன் “அடப்பாவி, பின்வாசல் வழியா வந்துட்டானே” என்று ரசித்த உத்தி. சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை.

விக்கிக்காரர்களின் வழி வேறு. வாவ்விக்கி, விளையாட்டு வெளியான மறுநாளே, 2004 நவம்பர் 24 அன்று தொடங்கியது. அங்கே பெட்டியை மனிதர்கள் கையால் தட்டினார்கள். பெயர், நிறம், கை, தாக்குதல், வேகம் என்று ஒவ்வொரு வரியாக ஒரு வார்ப்புருவில் நிரப்ப வேண்டும். தப்பு வரும். ஒரு எண் மாறினால் யாராவது பார்த்துத் திருத்தும்வரை பழையதே கிடக்கும். இவ்வளவு சிரமம் எதற்கு, வாவ்ஹெட் ஸ்கிரிப்டைச் சேர்த்துவிட்டால் எல்லாம் தானாக வந்துவிடுமே என்பது நியாயமான கேள்வி. 2008இல் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரே தகவலை ஓரிடத்தில் மட்டும் வை, மற்ற இடங்களில் எண்ணால் சுட்டு என்பதுதானே எங்களுக்கு டேட்டாபேஸ் பாடத்தில் சொல்லிக் கொடுத்தது.

முதல் வேலையில்தான் அந்தப் பாடத்தின் மறுபக்கம் புரிந்தது. ஒரு சின்ன கம்பெனியில் பில்லிங் மென்பொருள். பில்லில் பொருளின் எண்ணை மட்டும் வைத்து, விலையை விலைப் பட்டியலிலிருந்து எடுத்துக் காட்டும்படி எழுதியிருந்தேன். சுத்தமான டிசைன் என்று பெருமை வேறு. ஒரு மாதம் கழித்து விலை ஏற்றினார்கள். மறுநாள், போன மாதத்து பில்கள் எல்லாம் புது விலையில் நின்றன. கணக்குப் பார்ப்பவர் வந்து என் மேஜை அருகே நின்று, “தம்பி, கஸ்டமர் குடுத்த காசு நேத்தைக்கு குடுத்தது. அதை இன்னிக்கு மாத்த முடியுமா?” என்றார். பில் என்பது நடந்த ஒன்றின் சாட்சி. அதில் அன்றைய விலையை நகலெடுத்துத்தான் வைக்க வேண்டும்.

வார்க்ராஃப்டில் அந்த விலையேற்ற நாள் 2010 அக்டோபரில் வந்தது. அதற்கு முன், படையின் முன்னால் நின்று அடி வாங்குபவர்களுக்கு ‘டிஃபன்ஸ்’ என்று ஒரு அளவு உண்டு. 2007இல் கராஸான் கோட்டைக்குள் போக விரும்பும் எழுபதாம் நிலை வீரர் அதை 490க்கு ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெரிய அரக்கனின் ஓர் உக்கிர அடியில் கதை முடிந்துவிடும். அடுத்த விரிவாக்கத்தில் அது 540. இந்த எண்ணை எட்டுவதற்காக எந்தக் கேடயம், எந்த மோதிரம், எதை விட்டு எதை அணிவது என்று மக்கள் எழுதிய வழிகாட்டிகள் ஏராளம். அவற்றில் பலதை ஹாஸ்டலில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன், கராஸானுக்குப் போகும் உத்தேசம் துளியும் இல்லாமல். 4.0.1 திருத்தத்தில் பிளிஸார்ட் டிஃபன்ஸைப் பொருள்களிலிருந்தே நீக்கிவிட்டது. அன்றிலிருந்து, தானாகப் பெட்டி வரவழைக்கும் பழைய வழிகாட்டி ஒன்றைத் திறந்தால், “இந்தக் கேடயத்தின் டிஃபன்ஸுக்காகவே இதை வாங்குங்கள்” என்று எழுத்து சொல்லும். மவுஸை வைத்தால் பெட்டியில் அப்படி ஒரு வரியே இருக்காது. எழுதியவர் பைத்தியக்காரர் மாதிரித் தெரிவார். 2014 அக்டோபரில் இன்னும் மோசம். எண்கள் கட்டுக்கடங்காமல் பெருத்துவிட்டன என்று எல்லாப் பொருள்களின் அளவுகளையும் ஒரே இரவில் சுருக்கினார்கள்.

இணைய ஆவணகத்தில் பழைய பக்கத்தைத் தேடினால் கிடைக்காதா? பக்கம் கிடைக்கலாம். ஆனால் பக்கங்களைச் சேகரிக்கும் ரோபோ மவுஸை எதன்மேலும் வைத்துப் பார்ப்பதில்லை. மவுஸ் வைத்தால் மட்டுமே வரும் தகவல் அதன் வலையில் விழாது. கையால் தட்டிய விக்கிப் பெட்டியோ பக்கத்தின் உள்ளேயே இருக்கிறது. அதன் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாகியிருக்கிறது. சோம்பேறித்தனத்தால் யாரும் புதுப்பிக்காமல் விட்ட பக்கம்கூட ஒரு காலத்தின் சாட்சி ஆகிவிடுகிறது.

விக்கிக்காரர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. வாவ்விக்கி 2007இல் விக்கியா நிறுவனத்துக்குப் போனது. புதிய பக்க வடிவமைப்பு பிடிக்காமல், டிஃபன்ஸ் மறைந்த அதே 2010 அக்டோபரில், எழுதியவர்களில் பெரும்பாலோர் பிரிந்து கர்ஸ் நிறுவனத்தின் கீழ் வாவ்பீடியா என்று புதிதாக ஆரம்பித்தார்கள். 2018 இறுதியில் கர்ஸின் விக்கிகளை வாங்கியது யார் தெரியுமா? ஃபேண்டம் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே பழைய விக்கியா. 2023இல் மறுபடி மூட்டை கட்டி, ‘வார்க்ராஃப்ட் விக்கி’ என்ற பெயரில் வேறு இடத்துக்குப் போனார்கள். எதிர்ப்பக்கமும் இதே கதைதான்: வாவ்ஹெட்டை 2007இல் வாங்கிய நிறுவனத்திடம் தாட்பாட் ஏற்கெனவே இருந்தது. 2010 முடிவில் தாட்பாட்டை மூடி, வந்தவர்களை வாவ்ஹெட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. விக்கிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது, பெட்டிகள் பக்கத்துக்குள் எழுத்தாக இருந்ததால். கடன் வாங்கிய பெட்டியைத் தூக்கிப் போக முடியாது.

இதன் மதிப்பு 2019இல் தெரிந்தது. பழைய விளையாட்டே வேண்டும் என்று பல வருஷம் கேட்ட மக்களுக்காக பிளிஸார்ட் ‘கிளாஸிக்’கைக் கொண்டுவந்தது. அவர்கள் கையிலிருந்தது 2006இன் 1.12 பதிப்புத் தரவு. ஆகவே பொருள்களின் அளவுகள் 1.12இல் இருந்தபடியே வைக்கப்பட்டன. அதற்கு முந்தைய இரண்டு வருஷ அளவுகள் விக்கியின் திருத்தக் குறிப்புகளிலும் யாரோ எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்களிலும் மட்டும்தான். சோதனைக் காலத்தில் ஆடியவர்கள் “இது அப்போ இப்படி இல்லை” என்று புகார்களைக் குவித்தார்கள். பிளிஸார்ட் ‘இவை பிழை அல்ல’ என்று ஒரு பட்டியலே வெளியிட வேண்டியிருந்தது. டாரன் இனத்தவருக்குக் கொஞ்சம் எட்டத்திலிருந்தே அடிக்க முடிவது பிழை அல்ல. வாரியருக்கு உயிர் மீளும் வேகம் பிழை அல்ல. அன்று அப்படித்தான் இருந்தது, நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள். மணிக்கணக்கில் அதே உலகில் கிடந்தவர்களின் ஞாபகம் அந்த லட்சணம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வாவ்ஹெட் இப்போது கிளாஸிக்குக்குத் தனி டேட்டாபேஸ் வைத்திருக்கிறது. எந்தக் காலத்துப் பெட்டி வேண்டும் என்று இணைப்பிலேயே சொல்லிவிடலாம். ஆனால் 2007இல் எழுதியவர் எப்படிச் சொல்லியிருப்பார்? அவருக்குத் தெரிந்தது ஒரே காலம்தான்.

கிளாஸிக் வந்தபோது கிரெடிட் கார்டு இருந்தது. சந்தா கட்டினேன். இருபத்து மூன்றாம் நிலையைத் தாண்டவில்லை. வேலை, குழந்தை, தூக்கம். ஒரு இரவு ஒரு நகரத்தின் சந்தைச் சாட்டில் ஆரஞ்சு எழுத்து ஓடியது. “யாரோ தண்டர்ஃபியூரின்னு சொன்னீங்களா?” என்ற அந்தப் பழைய ஜோக். உடனே பத்துப் பேர் அதையே திரும்பப் போட்டார்கள். அழுத்தினேன். பெட்டி விரிந்தது. 44 முதல் 115 தாக்குதல், வேகம் 1.90, சுறுசுறுப்பு 5, உடல்வலு 8. ஹாஸ்டலில் மனப்பாடமாகத் தெரிந்திருந்த அதே எண்கள். சந்தேகத்துக்கு இன்னொரு ஜன்னலில் விக்கி பக்கத்தைத் திறந்து, திருத்த வரலாற்றில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து மனைவி, “இன்னும் தூங்கலையா?” என்றாள்.