காந்தளூர்ச் சாலையும் கட்டணமில்லாத ஜீனோமும்

சொந்த ஊர் திருவனந்தபுரம் ஆரியசாலை என்று சொன்னால், இங்கே தமிழ் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்ப வீட்ல மலையாளமா?" என்பதுதான். இல்லீங்க, தமிழ்தான். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை போகும் சாலைக் கடைத்தெருவிலும் அதைச் சுற்றியும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஆரியசாலைக்குப் பக்கத்திலேயே வலியசாலை. இராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலைப் பகுதிதான் என்பது பல வரலாற்றாசிரியர்கள் கருத்து. அங்கே காந்தளூர் என்ற பெயரோடு சிவன் கோயில் இன்றும் இருக்கிறது.

இந்தச் 'சாலை' வண்டி போகும் சாலை அல்ல, பாடசாலையில் வருகிற சாலை. அது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு செப்பேடு இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் பார்த்திவபுரத்தில் (இன்று கன்னியாகுமரி மாவட்டம்) காந்தளூரை முன்மாதிரியாக வைத்து ஒரு சாலை ஏற்படுத்தினான். மாணவர் இடங்கள் 95. எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்: 45, 36, 14. சோறும் தங்குமிடமும் உண்டு. அந்த 95-க்குள் வராதவனுக்கு? கதவு இல்லை. சாலைத் தெருவில் சரக்கு இறக்கியவனின் பிள்ளை அதற்குள் போயிருக்க வழியே இல்லை.

எதற்கு இந்தப் பழங்கதை என்கிறீர்களா? பத்தாம் வகுப்புப் பையனுக்கு மரபியல் சொல்லித்தர இணையத்தில் என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். வெறும் பட்டியல் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தத் துறையில் கதவு திறந்த கதையும் தெரிந்தால் பட்டியலின் அருமை புரியும் என்று தோன்றியது.

மரபியலின் முதல் கட்டுரையே பூட்டிக் கிடந்த ஒன்று. மெண்டல் 1865-ல் பட்டாணிச் செடி முடிவுகளை உரையாகச் சொன்னார், 1866-ல் அச்சானது. யாரும் கவனிக்கவில்லை. 1900-ல் வேறு மூன்று பேர் அதே விதிகளைக் கண்டபோதுதான் அவர் பெயர் வெளியே வந்தது. அவர் இறந்து 16 வருஷம் ஆகியிருந்தது! இன்று அந்தக் கட்டுரை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசம்.

அடுத்த கட்டம் தகவலைச் சேர்த்து வைப்பது. 1965-ல் மார்கரெட் டேஹாஃப் புரத வரிசைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். பரம்பரை நோய்களுக்கு விக்டர் மெக்கூசிக் 1966-ல் ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார். அது 1987-ல் கணினி வழியாகப் பார்க்கும் வடிவம் பெற்றது. இன்றைய 'ஓமிம்' தளம் அதுதான். 1982-ல் ஜென்பேங்க் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் அதில் இருந்தவை 606 வரிசைகள், ஏழு லட்சத்துக்கும் குறைவான எழுத்துகள். மனித ஜீனோம் ஒன்றிலேயே ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் என்றால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவும் பின்தங்கவில்லை. உயிர்த்தொழில்நுட்பத் துறை 1986-87-லேயே உயிரித் தகவல் மையங்களை அமைக்க ஆரம்பித்தது, மதுரை காமராஜர் பல்கலைக்கழகமும் அதில் ஒன்று.

1990-ல் மனித ஜீனோம் திட்டம் ஆரம்பம். 1996-ல் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள் ஒரு முடிவு எடுத்தார்கள்: படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிட வேண்டும். கட்டுரை வரட்டும், காப்புரிமை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதற்குப் பிடிவாதமாக நின்றவர்களில் முக்கியமானவர் ஜான் சல்ஸ்டன். 1998-ல் கிரெய்க் வென்டரின் செலேரா நிறுவனம் போட்டிக்கு வந்தது. அவர்கள் தரவை முழுதாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும்.

பொதுத் திட்டத்தின் கையில் துண்டு துண்டாக வரிசைகள் இருந்தன, கோர்க்க நிரல் இல்லை. சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஜிம் கென்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் நாலே வாரத்தில் அந்த நிரலை எழுதினார். 100 சாதாரண கணினிகளை இணைத்து ஓட்டி, 2000 ஜூன் 22-ல் கோர்த்து முடித்தார். நாலாம் நாள் வெள்ளை மாளிகையில் அறிவிப்பு. ஜூலை 7-ல் மொத்தமும் இணையத்தில், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். செலேராவின் தரவும் சில வருஷங்களில் பொதுவுக்கு வந்துவிட்டது.

ஆக, இந்தக் கதவு தானாகத் திறந்ததில்லை. பூட்ட முடிந்த இடத்தில் பூட்ட மாட்டோம் என்று சிலர் நின்றார்கள். இங்கே 95 என்ற கணக்கு கிடையாது.

சரி, கதவு திறந்தாயிற்று. நாம் உள்ளே போனோமா?

இங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கணவருக்கு இதயத் தசை நோய் என்று மரபணுச் சோதனை செய்தார்கள். ஆங்கிலத்தில் நாலு பக்க அறிக்கை. ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா கேட்டது ஒரே கேள்வி: "இது யார் பக்கத்துல இருந்து வந்துச்சு? எங்க பக்கமா, அவங்க அப்பா பக்கமா?" மருமகள் முகத்தில் வேறொரு கவலை: நாளைக்குப் பிள்ளைக்கும் இருந்தால் பழி யார் தலையில்? வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவள் பதினாலு வயதுப் பெண். அவள்தான் மொழிபெயர்த்தாள். 'ஜீன்' என்பதைப் பாட்டிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "ரத்தத்துல வர்றது" என்று சொல்லி வைத்தாள். பாட்டி அதை 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்று எடுத்துக்கொண்டார்.

உண்மை அதைவிட எளிது. பெரும்பாலான மரபணுக்கள் நமக்கு இரண்டு பிரதி, அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று. அவருக்கு இருந்தது ஒரு பிரதி மாறினாலே நோய் வரக்கூடிய வகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி. எந்தக் காசு விழும் என்பதில் யாருக்கும் கை இல்லை. அப்படியிருக்கப் பழி எங்கிருந்து வரும்?

இதில் நமக்கென்று தனியாக ஒரு சேதியும் இருக்கிறது. 2009-ல் மதுரை, ஹைதராபாத் உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்கள் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, இதய நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று. இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் ஐரோப்பியர்களை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. நம் ஆட்களின் ஜீனோம் தரவுத்தளத்தில் இல்லையென்றால், நமக்கு வரும் அறிக்கையில் 'அர்த்தம் உறுதியில்லை' என்ற வரிதான் அதிகம் இருக்கும். இந்தியாவில் 2020-ல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் இந்தக் குறைக்காகத்தான். 10,000 பேர் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இப்போது பட்டியல். :-)

சின்னப் பிள்ளைகளுக்கு யூட்டா பல்கலைக்கழகத்தின் 'லேர்ன் ஜெனடிக்ஸ்'. படம், விளையாட்டு எல்லாம் உண்டு. உயர்நிலைப் பள்ளிக்குக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரின் 'டிஎன்ஏ ஃப்ரம் த பிகினிங்'. மெண்டலில் தொடங்கி வரிசையாகப் போகும். கல்லூரிப் பிள்ளைகள் ஓமிம், சாண்டா குரூஸ் ஜீனோம் பிரௌசர் இரண்டையும் நேராகவே திறக்கலாம்.

தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் ஆரம்பியுங்கள். 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா, 2005 முதல் ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' தளம். ஒரு சங்கதி மட்டும் நினைவில் இருக்கட்டும். நாம் 'மரபணு' என்பதை இலங்கைப் பாடநூல் 'பரம்பரையலகு' என்னும். நம் 'மரபியல்' அங்கே 'பிறப்புரிமையியல்', குரோமோசோம் 'நிறமூர்த்தம்'. இரண்டு சொல்லும் போட்டுத் தேடினால் இரண்டு மடங்கு கிடைக்கும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் மரச்சீனியில்தான் ஆரம்பிப்பேன். திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சி 1880-85). அதை ஆராயும் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் நகரின் ஓரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. கம்பை வெட்டி நடுவதால் ஒரு தாயின் கம்பெல்லாம் ஒரே மரபணுத்தொகுதி. ஒன்றைத் தாக்கும் நோய் அத்தனையையும் தாக்கும். விதையால் வரும் பிள்ளைகள் ஏன் வேறுவேறாக இருக்கிறார்கள் என்று அங்கிருந்து சொல்லிவிடலாம். அதன் ஜீனோமும் இணையத்தில் இலவசம், 36 குரோமோசோம்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பிள்ளைகளைப் பாட்டி தாத்தா பக்கத்தில் உட்காரவைத்து மூன்று தலைமுறைக்கு ஒரு வம்சப் படம் வரையச் சொல்லுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இதயம், யார் மாமன் மகளைக் கட்டினார், எல்லாம் பாட்டிக்குத்தான் தெரியும். மருத்துவரும் முதலில் கேட்பது அதைத்தான். வரைந்து முடித்ததும் அதை வைத்தே பாட்டிக்கு மரபணு என்றால் என்ன என்று பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எப்படிப் போனது என்று எனக்கும் எழுதுங்கள்.