ப்ரௌனிங் ஹை பவர்: ஒரு பழைய பிஸ்டலும் அதுக்குப் பின்னாடி இருக்கற கதையும்

நம்மூர்ல நமக்குத் தெரிஞ்ச துப்பாக்கி ரெண்டே ரெண்டு. ஒண்ணு சினிமா ஹீரோ வைச்சிருக்கறது, எத்தனை தடவை சுட்டாலும் தோட்டா தீராது. இன்னொண்ணு பேங்க் வாசல்ல செக்யூரிட்டி பெரியவர் வைச்சிருக்கற ரெட்டைக்குழல், அது சுட்டு யாரும் பார்த்ததில்லை. நான் எழுதப் போறது இந்த ரெண்டுலயும் சேராத ஒரு சமாச்சாரம். சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் டெக்சாஸ்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். எங்க டீம்ல ஒரு அமெரிக்கர், பழைய துப்பாக்கி சேகரிக்கறவர். நாம பழைய நாணயம், ஸ்டாம்ப் சேர்ப்போமே, அந்த மாதிரி. இந்த ஊர் சட்டப்படி ஐம்பது வருஷத்துக்கு மேல பழசான துப்பாக்கி 'அரும்பொருள்' கணக்குல வரும், அதைச் சேர்க்கறவங்களுக்குத் தனி லைசென்ஸே உண்டு. நம்மள மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியைத் தொடறதே பொதுவா குற்றம். வேட்டை லைசென்ஸ் இருந்தா அதுக்கு விதிவிலக்கு. அதனால அணில் கூட அடிச்சிராத, வெண்பொங்கல் சாப்பிட்டு வளர்ந்த நான் இப்போ டெக்சாஸ் மாநில அங்கீகாரம் பெற்ற வேட்டைக்காரன் :-)

நண்பர் ரொம்ப நாளா தேடிக்கிட்டு இருந்தது ப்ரௌனிங் ஹை பவர். ஒரு கடையில ரெண்டு இருக்குன்னு கூட்டிட்டுப் போனார். ஒண்ணு 1960கள்ல பெல்ஜியத்துல செஞ்சது, கண்ணாடி மாதிரி பாலிஷ், கருநீலமா மின்னுது. இன்னொண்ணு சொரசொரன்னு, ஸ்லைடுல அரம் போட்ட கோடெல்லாம் அப்படியே தெரியுது. பக்கவாட்டுல சின்னதா ஒரு கழுகு முத்திரை, அதுக்குக் கீழே 140ன்னு எண். ஜெர்மன் ராணுவத்தின் ஆயுத அலுவலகம் போட்ட முத்திரை. ஆனா இது செஞ்சதும் அதே பெல்ஜியத் தொழிற்சாலைலதான்.

இந்த இடத்துல கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஜான் மோசஸ் ப்ரௌனிங் 1855ல அமெரிக்காவின் யூட்டா பக்கம் ஆக்டன்ல பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கி செய்யறவர். அமெரிக்க ராணுவம் பல பத்தாண்டுகள் வைச்சிருந்த 1911 பிஸ்டல் இவரோடதுதான். 1914ல சரயேவோல இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்ட பிஸ்டலும் இவர் வடிவமைப்புதான். அது அவர் தப்பில்லை, ஆனா கையில எடுக்கும்போது ஞாபகம் வராம இருக்காது. 1911 காப்புரிமையை கோல்ட் கம்பெனிக்குக் கொடுத்துட்டதால, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலைக்காக புதுசா ஒண்ணு வரைய உட்காரும்போது தன்னோட பழைய ஐடியாவையே தான் பயன்படுத்த முடியாத நிலைமை. சாஃப்ட்வேர் ஆசாமிகளுக்கு இந்த வலி புரியும். கம்பெனி மாறினா நாம எழுதின கோட் நம்மளோடது இல்லை.

1923ல காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். 1926 நவம்பர்ல பெல்ஜியத்தின் லியேஜ் நகர்ல, வேலைக்கு வந்த இடத்துலயே மாரடைப்பில் இறந்துட்டார். பிஸ்டல் பாதியில நிக்குது.

அதை எடுத்து முடிச்சவர் அதே தொழிற்சாலையின் பொறியாளர் த்யுதொனே சேவ். அடுத்தவன் விட்டுட்டுப் போன கோடைத் திறந்து பார்த்தவங்களுக்குத்தான் இதோட கஷ்டம் தெரியும். தோட்டாவை ரெண்டு வரிசையா மாத்தி மாத்தி அடுக்கி, மேல வரும்போது ஒரே வரிசையா ஆக்கற மேகசின் இவர் வேலைதான். 1928ல கோல்ட் காப்புரிமை காலாவதி ஆனதும் 1911ல இருந்த நல்ல சங்கதிகளையும் உள்ளே கொண்டு வந்தார். வெளியே தெரியற சுத்தியும் சேவ் காலத்துல வந்ததுதான். பெல்ஜிய ராணுவம் 1935ல ஏத்துக்கிச்சு. அப்போ லூகர்ல 8 தோட்டா, 1911ல 7 தோட்டா. இதுல 13.

உள்ளே இன்னொரு அழகு இருக்கு. சுடும்போது குழலும் ஸ்லைடும் ஒண்ணா பூட்டிக்கிட்டு கொஞ்ச தூரம் பின்னாடி வரும். அழுத்தம் குறைஞ்சதும் குழலின் பின்பக்கம் கீழே சாய்ஞ்சு பூட்டு விடும். 1911ல இந்தச் சாய்வுக்கு ஒரு குட்டி ஆடும் கண்ணி இருக்கும், அது தேயும். ஹை பவர்ல அது கிடையாது. குழலுக்கு அடியில ஒரு வெட்டு, ஃப்ரேம்ல அது உரசிச் சரியற ஒரு கட்டை, அவ்வளவுதான். இன்னிக்கு க்ளாக் வரைக்கும் பெரும்பாலான பிஸ்டல்கள் ஓடறது இதே தத்துவத்துலதான்.

1940 மே மாசம் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடிச்சது. எஃப்.என். நிர்வாகம் ஒத்துழைக்கலை, அதனால ஒரு ஜெர்மன் கம்பெனியைக் கொண்டு வந்து தொழிற்சாலையை ஓட்டினாங்க. ஹை பவருக்கு 640(பி)ன்னு ஒரு எண். கிட்டத்தட்ட மூணு லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. முதல்ல வந்தது பழைய ஸ்டாக் பாகங்கள், அதனால அழகா இருக்கும். போகப் போக அவசரம். பாலிஷ் போச்சு. மேகசினைக் கழட்டினா சுட முடியாதபடி தடுக்கற ஒரு சின்ன பாகம் இருந்தது, அதையும் விட்டுட்டாங்க.

சேவ் உள்ளிட்ட சில பெல்ஜியப் பொறியாளர்கள் இங்கிலாந்துக்குத் தப்பிட்டாங்க. அவங்க உதவியோட கனடாவின் டொராண்டோல இங்லிஸ்ங்கற கம்பெனி 1944ல இதே பிஸ்டலைச் செய்ய ஆரம்பிச்சது. (போருக்கு அப்புறம் இதே கம்பெனி வாஷிங் மெஷின் வித்தது!) முதல்ல சீனாவுக்குத்தான் போச்சு. ஆக ஒரே பிஸ்டல், போரின் ரெண்டு பக்கமும்.

கடைக்குத் திரும்புவோம். நண்பருக்குத் தயக்கம். அந்தக் கழுகு முத்திரை இருக்கற பொருளை வீட்டுல வைக்கணுமான்னு. நியாயமான கேள்விதான். நாஜி சின்னத்துக்காகவே இதையெல்லாம் அதிக விலைக்கு வாங்கற கூட்டமும் இருக்கு, அவங்களோட சேர்த்துப் பார்த்துடுவாங்களோன்னு பயம். நான் சொன்னேன்: மின்னறது ப்ரௌனிங்கும் சேவும் நினைச்ச பிஸ்டல். சொரசொரன்னு இருக்கறது அந்தத் தொழிற்சாலைக்கு என்ன ஆச்சுங்கறதுக்கு சாட்சி. லேத் முன்னாடி நின்னவன் பெல்ஜியத் தொழிலாளி. தன் நாட்டைப் பிடிச்சவனுக்கு ஆயுதம் செய்யற கை எப்படி இருந்திருக்கும்? கழுகு மேல குத்தினது, அடியில இருக்கற வேலை அவனோடது. பாலிஷ் போட்டு அதை அழிச்சுடாதீங்கன்னும் சொன்னேன். சேகரிப்பாளர் கணக்குலயும் பாலிஷ் போட்டா மதிப்பு பாதிதான், அது வேற விஷயம்.

மனுஷன் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழசு வாங்கறவங்க பார்க்கற எல்லாம் பார்த்தார்: ஃப்ரேம், ஸ்லைடு, குழல் மூணுலயும் ஒரே சீரியல் எண்ணா, பிடியைக் கழட்டினா உள்ளே துரு குழி விழுந்திருக்கா, குழலுக்குள்ளே வரி தேய்ஞ்சிருக்கா. கடைசியில கழுகைத்தான் எடுத்தார். படிவம் நிரப்பி, பின்னணி சோதனை முடிஞ்சு, என் ஒரு மாச வாடகை அளவுக்கு பில். போர்க்காலப் பிஸ்டலை அப்படியே சுடக் கூடாதுன்னு துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடுத்து ஸ்ப்ரிங் மாத்தினப்புறம்தான் ரேஞ்சுக்குப் போனோம்.

பிடிச்சதும் கையோட ஒட்டிக்குது. 13 தோட்டா போடற பிடி இவ்ளோ மெலிசா எப்படின்னு ஆச்சரியம். அதிர்வு நான் பயந்த அளவுக்கு இல்லை. ட்ரிக்கர் சுத்தமா இழுக்குது, அதுக்குக் காரணம் அந்தத் தடுப்பு பாகம் இல்லாததுதான். மத்த ஹை பவர் வைச்சிருக்கறவங்க பல பேர் நல்ல ட்ரிக்கருக்காக காசு கொடுத்து அதைக் கழட்டறாங்க. இங்க ஜெர்மன்காரன் சிக்கனத்துல தானா நடந்துடுச்சு! பழைய சுத்தி பின்னாடி வரும்போது கட்டைவிரல் இடுக்கைக் கடிச்சுடும்னு படிச்சிருந்தேன். கடிச்சது.

நமக்கும் இந்தக் கதையில பங்கு இருக்கு. நம்ம ராணுவமும் போலீஸும் இடுப்புல வைச்சிருக்கற 9 எம்.எம். பிஸ்டல் '1ஏ', வங்காளத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரில செய்யறது, இந்தக் கனடா மாடலின் பிரதிதான். நம்ம போலீஸ் தோள்ல பார்த்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் மூலமான எஃப்.என். ஃபாலை வடிவமைச்சதும் இதே சேவ்தான். ப்ரௌனிங் பேரைக் கேள்விப்பட்டவங்க இருப்பாங்க. சேவ் பேரை எத்தனை பேருக்குத் தெரியும்?

கனடா ராணுவம் 1944-45ல செஞ்ச இங்லிஸ் பிஸ்டல்களை 2020களின் தொடக்கம் வரைக்கும் ஓட்டிச்சு. எஃப்.என். 2018ல உற்பத்தியை நிறுத்தி, 2022ல அதே பேர்ல புதுசா ஒண்ணு கொண்டு வந்தது. உள்ளே முழுக்க வேற டிசைன், 17 தோட்டா. நண்பரோட மேகசின் அதுல பொருந்தாது.