ஐசன்ஸ்டைன் எழுதாத கட்டுரை

பிரேசில்காரரான மாரியோ பெய்ஷோட்டோ எடுத்து முடித்தது ஒரே ஒரு படம்தான். ‘லிமிட்டே’, அதாவது ‘எல்லை’. வசனமில்லாத படம். 1930ல் ஷூட்டிங் நடந்தபோது அவருக்கு வயது 22.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நடுக்கடலில் ஒரு படகு. இரண்டு பெண்கள், ஓர் ஆண். துடுப்புப் போடக்கூடத் தெம்பில்லை. அவர்களுடைய பழைய வாழ்க்கை துண்டு துண்டாக வருகிறது. மெதுவான படம்தான், பொறுமை வேண்டும். ஆனால் அந்தத் தையல்காரப் பெண் வரும் பகுதியைப் பாருங்கள்: நூல்கண்டு, கத்தரிக்கோல், மெஷின் எல்லாம் திரை முழுக்க வந்து நிற்கும். அவள் அலுப்பைச் சொல்ல வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒளிப்பதிவு எட்கர் பிரேசில்.

1931 மே 17 அன்று ரியோ டி ஜெனீரோவில் முதல் காட்சி. விநியோகிக்க யாரும் முன்வரவில்லை. அப்புறம் எப்போதாவது ஒரு சிறப்புக் காட்சி, அவ்வளவுதான். 1959 வாக்கில் நைட்ரேட் பிரிண்ட் சிதைந்து, திரையிடவே முடியாமல் போனது. இருந்தது ஒரே பிரிண்ட். பேக்கப் கிடையாது. என்னை மாதிரி மென்பொருள் ஆட்களுக்குக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

படம் கண்ணில் படாமலிருந்த இந்தக் காலத்தில்தான் அதன் புகழ் ஏறியது. 1965ல் பிரேசில் பத்திரிகை ஒன்றில், ரஷ்ய மேதை ஐசன்ஸ்டைன் ‘லிமிட்டே’யைப் பாராட்டி எழுதியதாக ஒரு கட்டுரை வந்தது. மூலம் ஆங்கிலத்தில் லண்டனில் வெளியானதாம். அந்த மூலம் யாருக்கும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? எழுதியவரே பெய்ஷோட்டோதான். பின்னாளில் ஒப்புக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. 23 வயதில் கேட்க ஆசைப்பட்ட பாராட்டைக் கடைசியில் தானே எழுதிக்கொண்டிருக்கிறார், பாவம். ஆனால் கட்டுரையைச் சரிபார்க்க எளிய வழி படத்தைப் பார்ப்பது. அதற்குத்தான் வழியில்லையே!

படத்தைக் காப்பாற்றியவர் சாவ்லோ பெரெய்ரா டி மெல்லோ. சிதைந்த பிரிண்டை ஒவ்வொரு ஃபிரேமாகப் படமெடுத்து மீட்டார். பல வருட வேலை. இடையில் 1966ல் ராணுவ ஆட்சியின் போலீஸ் பிரிண்டைப் பறிமுதல் செய்தது. கூடவே அள்ளிப்போன படங்களில் ஐசன்ஸ்டைனுடையதும் உண்டு! அதையும் மீட்டு வந்து, 1970களில் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார். 2015ல் பிரேசில் விமர்சகர்கள் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில் நாட்டின் சிறந்த படம் இதுதான். அவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டவர்கள்.

ஒரே ஒரு காட்சி மட்டும் மீளவில்லை. அந்த இடத்தில் எழுத்து அட்டை ஒன்று வந்துபோகிறது.