ஆபரேஷனுக்குப் பின் மிச்சமிருக்கும் வலி

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னுமா வலிக்குது?" அக்கறையில்தான் கேட்கிறார்கள். படுத்திருப்பவர் காதில் அது "நடிக்கிறியா?" என்று விழும்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் வலிக்கு, டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது காரணமாக இருக்கலாம் என்று 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள் எழுதினார்கள். பிதுங்கியதை எடுத்தால் வலி போகும். சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு ரொம்பப் பிடித்த விளக்கம்: பக்கைக் கண்டுபிடி, சரிபண்ணு, டிக்கெட்டை மூடு.

உடம்பு அப்படி டிக்கெட்டை மூடுவதில்லை. மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் நீங்கிய பிறகும் எரிச்சலோடு தப்பான சிக்னல் அனுப்பும். நரம்பிழை சேதமாகியிருந்தால், அது திரும்ப வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து பாதம் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொரு பக்கம், வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் முதுகுத் தசை இளைத்து, இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே வலி இல்லை. நரம்பு எரிச்சலுக்கு, வலிப்பு நோய்க்கென்று வந்த கபாபென்டின் போன்ற மருந்துகளை டாக்டர்கள் தருவதுண்டு. தசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகும் நடையும் பயிற்சியும் வேண்டும்.

இந்த மீதி வேலைக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடம் அமைத்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954-இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சேதமாகி இரண்டு கால்களும் செயலிழந்தன. அங்கே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் ஊக்கம் தர, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963-இல் வேலூரில் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் அங்கே திறக்கப்பட்டது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடப்பதும் மருத்துவம்தான் என்று தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டவர் கட்டிய இடம் அது.

1934-க்கும் 1966-க்கும் நடுவே 32 வருஷம். அந்த இடைவெளி கிராமத்தில் இன்னும் முழுசா அடைபடவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிசியோதெரபி' என்று ஒரு வரி இருக்கும். பஸ் செலவும் அன்றைய கூலியும் அதில் இருக்காது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கால் புதிதாகப் பலவீனமானாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் கசிவு இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மற்ற நாட்களில், "இன்னுமா வலிக்குது?" என்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேட்கலாம்.