வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளை: உயரமானவர்களை அணிக்குத் தேடிய வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

பாடசாலையில் வலைப்பந்து அணியோ கூடைப்பந்து அணியோ சேர்ப்பதென்றால் நாங்கள் முதலில் பார்ப்பது காலைக் கூட்டத்தில் வரிசையின் கடைசியைத்தான். உயரப்படி நிற்பதால் நெடிய பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். கல்வியியல் கல்லூரியில் படித்த காலத்திலும் எங்கள் அணி இப்படித்தான் சேர்ந்தது. பந்தையே தொட்டிராத ஒருவரை, விடுதிக் கதவு நிலையில் தலை இடிக்கிறது என்ற ஒரே தகுதிக்காக இழுத்து வந்தோம். இப்போது வெளியூர்ப் பெரிய பாடசாலைகள் நம் பகுதியின் நெடிய பிள்ளைகளைக் கேட்டு வருகின்றன. “அனுப்பலாமா சேர்?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்த வரலாற்றை எழுதுகிறோம்.

கூடைப்பந்தாட்டம் 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் பிறந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்களுக்கு உள்ளே விளையாட ஏதாவது வேண்டுமென்று, பீச் பழக் கூடைகளை உடற்பயிற்சிக்கூடத்து மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடியில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். இன்றுவரை வளையம் அதே 10 அடியில் நிற்கிறது. அதிலிருந்து பிரிந்து வந்த வலைப்பந்தாட்டத்திலும் அதே உயரம்தான். ஒரு கைப்பிடியின் உயரம் எத்தனையோ பேருடைய வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டது.

ஆனால் ஆரம்பத்தில் நெடியவர்களை யாரும் விரும்பித் தேடவில்லை. தட்டுத் தடுமாறுவார்கள், ஓடமாட்டார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜோர்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குலம், தடித்த கண்ணாடி. நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் அவரைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்கள். சிகாகோவின் டிபோல் பல்கலைக்கழகத்தில் 1942 இல் புதிதாகப் பொறுப்பேற்ற பயிற்றுவிப்பாளர் ரே மேயர் அவரை எடுத்துக்கொண்டார்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்த இடம்தான் பிடித்தது. மேயர் அவரைக் கூடைக்குக் கீழே நிறுத்திவிட்டு “கையை உயர்த்து” என்று சொல்லவில்லை. கயிறு பாயச் சொன்னார். நிழலோடு குத்துச்சண்டை போட வைத்தார். காலும் உடம்பும் ஒத்துழைக்க வேண்டுமென்று நடனம் பழக அனுப்பினார். கூடையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறிப் பந்து போடும் ஒரு பயிற்சியை ஓயாமல் செய்ய வைத்தார். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இன்றும் அதைச் செய்கிறார்கள், பெயரே ‘மைக்கன் பயிற்சி’. 1945 இல் டிபோல் தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டியில் சம்பியனானது. மைக்கனும், ஒக்லஹோமாவின் 7 அடி பொப் கர்லண்டும் வளையத்துக்குள் இறங்கும் பந்தைக் கையால் தட்டிவிடுவதைப் பார்த்து, கீழ்நோக்கி வரும் பந்தைத் தொடக்கூடாது என்று சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் வேட்டை தொடங்கியது. பல்கலைக்கழகங்கள் ஊர் ஊராக ஆள் அனுப்பி நெடிய பையன்களைத் தேடின. 1965 இல் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் போன லூ அல்சின்டோர், அப்படிப் போட்டி போட்டு அழைக்கப்பட்டவர்களில் மிகப் பெரிய பெயர். 7 அடி 2 அங்குலம். 1967, 1968, 1969 என மூன்று ஆண்டும் அவருடைய யூ.சி.எல்.ஏ. அணிதான் சம்பியன். பந்தை மேலிருந்து வளையத்துக்குள் அமுக்குவதைக் கல்லூரிப் போட்டிகளில் 1967 இல் தடை செய்தார்கள். அவரை மனதில் வைத்துத்தான் என்று பலரும் சொன்னார்கள். அவரோ ஒரு கையால் கொக்கிபோல் வளைத்தெறிவதைத் தன் ஆயுதமாக்கிக்கொண்டார். பெயர் தெரியாமல் வாசித்தவர்களுக்கு: இஸ்லாத்தைத் தழுவிய பின் அவர் கரீம் அப்துல் ஜப்பார்.

இன்னொரு முஸ்லிம் பெயரையும் இங்கே சொல்லவேண்டும். ஹக்கீம் ஒலாஜுவன், நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துப் பிள்ளை. உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளர், கைப்பந்தும் ஆடியவர். பதின்வயதின் நடுவில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1980 இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது விமான நிலையத்துக்கு அழைக்கக்கூட ஆள் வரவில்லை, டாக்ஸி பிடித்து வரச் சொன்னார்கள் என்பது பிரபலமான கதை. முதல் வருடம் போட்டியில் இறக்காமல் உடம்பையும் ஆட்டத்தையும் வளர்க்க விட்டார்கள். கோல் காப்பாளராக இருந்தபோது பழகிய கால் வேகம்தான் பிறகு அவரை மற்ற நெடியவர்களிலிருந்து பிரித்துக் காட்டியது. 1995 பெப்ரவரியில், ரமழான் நோன்போடு ஆடிக்கொண்டே, அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். நோன்பு மாதத்தில் “பிள்ளைக்குப் பயிற்சி வேண்டாம்” என்று கடிதம் கொடுக்கும் வாப்பாமாருக்காக இதைக் குறிப்பிடவில்லை, சும்மா தகவலுக்கு!

வேட்டைக்கு இன்னொரு முகமும் உண்டு. சூடானிலிருந்து வந்த மனூட் போல், 7 அடி 7 அங்குலம். 1983 இல் கிளீவ்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகப் பாடத்தைத் தொடரும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் இல்லை. அந்த அணிக்காக ஒரு போட்டியில்கூட அவரால் ஆட முடியவில்லை. அவருக்கும் வேறு ஆபிரிக்க வீரர்களுக்கும் விதிக்கு மாறாகப் பண உதவி செய்ததற்காகப் பிறகு பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டது. போல் ஒரு வருடம் பிரிஜ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு 1985 இல் தொழில்முறை அணிக்குப் போனார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் மாணவனை எடுக்கும்போது அளவுநாடாவை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

நமக்குக் கிட்டடியில் வருவோம். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தில் பல்பீர் சிங் என்ற விவசாயி இருந்தார். அவரும் 7 அடிக்கு மேல். இளமையில் கூடைப்பந்து ஆடச் சொன்னார்கள், வீட்டில் விடவில்லை, வயலும் மாடுமாகவே இருந்துவிட்டார். மகன் சத்னாமை மட்டும் லூதியானா கூடைப்பந்துப் பயிற்சியகத்துக்கு அனுப்பினார். 2010 இல், 14 வயதில், புலமைப்பரிசிலோடு சத்னாம் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஒரு பயிற்சிப் பாடசாலைக்குப் போனார். மொழி தெரியாது. ஐந்து வருடம் அங்கேயே படித்தும் பல்கலைக்கழக அணியில் சேரத் தேவையான கல்வித் தகுதியை அவரால் பெற முடியவில்லை. அதனால் பல்கலைக்கழகத்தைத் தாண்டி நேரடியாகத் தொழில்முறைத் தெரிவுக்குப் பெயர் கொடுத்தார். 2015 இல் டலஸ் அணி அவரை 52 ஆவதாகத் தெரிவு செய்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் தெரிவானது அதுவே முதல் தடவை. ஆனாலும் என்.பி.ஏ. போட்டி ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. 7 அடி 2 அங்குலம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போய் உட்கார வேறு சிலதும் தேவைப்பட்டது.

இனி நம் நாடு. தர்ஜினி சிவலிங்கத்தைத் தெரியாத வலைப்பந்துப் பிள்ளை இங்கே இல்லை. யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனுக்கு அருகே ஈவினைக் கிராமம். உயரம் 208 சென்டிமீட்டர், அதாவது மைக்கனின் அதே 6 அடி 10 அங்குலம். வளர்ந்தது யுத்த காலம், பல்கலைக்கழகப் படிப்பு கிழக்குப் பல்கலைக்கழகத்தில். அந்த உயரத்தில் ஒரு பெண் பஸ்ஸில் ஏறினால் நம் ஊரில் என்னென்ன பேச்சு வரும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வலைப்பந்தில் உயரத்துக்குக் கூடைப்பந்தைவிட மதிப்பு அதிகம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. எறிபவரிடமிருந்து தடுப்பவர் 3 அடி தள்ளி நிற்கவேண்டும். ஏழு பேரில் இரண்டு பேர்தான் கோல் போடலாம். அந்த இருவரில் ஒருவர் 208 சென்டிமீட்டர் என்றால், பந்தை அவர் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கொடுத்தாலே போதும் என்று தோன்றும். ஆனால் அப்படிக் கொடுப்பதுதான் கஷ்டம். ஓடிக்கொண்டே, எதிராளியின் கைக்கு மேலாக, அவர் கை எட்டும் ஒரேயொரு புள்ளிக்குப் பந்தை விடவேண்டும். தர்ஜினி ஆடிய போட்டிகளைப் பார்த்தால் நடுவில் நிற்கும் ‘குட்டை’ வீராங்கனைகளைக் கவனியுங்கள். பாதிக் கோல் அவர்களுடையது. நம் அணிகள் தோற்கும் இடமும் இதுதான். நெடிய பிள்ளையைப் பிடித்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம், அவளுக்குப் பந்து கொடுக்க யாரையும் பழக்குவதில்லை.

2009 இல் இலங்கை ஆசியச் சம்பியனானது. பிறகு ஒன்பது வருடம் கிண்ணம் கைக்கு வரவில்லை. 2018 இல் சிங்கப்பூரில் நடந்த இறுதிப்போட்டியில் அந்த நாட்டையே 69க்கு 50 என்று வென்று மீண்டும் எடுத்தோம். அந்த அணியில் தர்ஜினியோடு யாழ்ப்பாணத்து எழிலேந்தினி சேதுகாவலரும் இருந்தார். தர்ஜினி அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கிலும் ஆடியவர்.

எங்கள் பிள்ளைகளுக்கு வேறொரு தடையும் இருந்தது. சர்வதேசக் கூடைப்பந்தில் தலையை மூடி ஆட அனுமதி இல்லை. 2014 ஆசிய விளையாட்டு விழாவில் கட்டார் பெண்கள் ஹிஜாபைக் கழற்ற மறுத்துப் போட்டியையே விட்டுக்கொடுத்தார்கள். 2017 இல் அந்த விதி மாறிவிட்டது. “சட்டம் விடாது” என்று இன்னமும் சொல்பவர்களுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

இனி மனதை உறுத்தும் விடயம். “நம்ம ஆட்கள் குட்டை, நமக்கு இந்த விளையாட்டெல்லாம் சரிவராது” என்று தேநீர்க் கடையிலும் சொல்கிறார்கள், ஆசிரியர் அறையிலும் சொல்கிறார்கள். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். பெருந்தோட்டத் துறையில் கிட்டத்தட்ட 32 சதவீதம். மாவட்டங்களில் மிக மோசமான நிலை நமது நுவரெலியாவில், அங்கும் அதே 32 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை.

இது இரத்தத்தில் வந்த குட்டை என்றால் தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே 1896 இல் பிறந்த பெண்ணைவிட 1996 இல் பிறந்த பெண் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம். நூறு வருடத்தில் ஓர் இனத்தின் இரத்தம் மாறிவிடாது, சாப்பாடும் தண்ணீரும் வைத்தியமும்தான் மாறின. இங்கே கொழுந்தெடுக்கும் தாய் இரத்தசோகையோடு பிள்ளை சுமக்கிறாள். பிள்ளை நிறை குறைந்து பிறக்கிறது. சில மாதத்தில் அதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகவேண்டும். லயத்துத் தண்ணீரும் மலசலகூடமும் சரியில்லாவிட்டால் வயிற்றோட்டம் திரும்பத் திரும்ப வரும், உண்டதும் உடம்பில் ஒட்டாது. முட்டையும் பாலும் மாதத்தில் எத்தனை நாள் என்று நாமே கணக்குப் போடலாம். கருவில் உண்டான நாளிலிருந்து இரண்டு வயது வரைக்குமான ஆயிரம் நாளில் இழந்த உயரத்தைப் பின்னால் முழுதாகப் பிடிப்பது மிகக் கஷ்டம். நாங்கள் காலைக் கூட்டத்தில் வரிசையின் கடைசியைப் பார்க்கும்போது, அங்கே நிற்கவேண்டிய சில பிள்ளைகள் நடுவரிசையில் நிற்கிறார்கள்.

அதையும் மீறி நெடுத்து வளர்ந்தவர்களைத்தான் இப்போது கேட்டு வருகிறார்கள். ஆள் சேர்ப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்தார்கள், ஒவ்வொரு தலைக்கும் அவர்களுக்குக் காசு கிடைத்தது. தொழிலாளி தோட்டம் மாறவேண்டுமென்றால் அவர் பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ கூடவே போனது, புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் கிடைக்கும். 1921 இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. புலமைப்பரிசில் அதுபோல என்று சொல்ல வரவில்லை, நல்ல வாய்ப்புத்தான். எதில் கையொப்பம் வைக்கிறோம் என்று வாசித்துப் பார்க்கும் பழக்கம் நம் பெற்றோருக்கு வேண்டும், அதற்காகச் சொன்னோம்.

ஆகவே “அனுப்பலாமா?” என்று கேட்பவர்களுக்கு: அனுப்பலாம். அதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். பிள்ளை எந்த மொழியில் படிக்கும்? உயர்தரத்தில் எந்தப் பிரிவு? போட்டிக் காலத்தில் தவறிய பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? விடுதிக் காசில் சாப்பாடும் சேருமா? முழங்கால் முறிந்து ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் புலமைப்பரிசில் தொடருமா, பிள்ளை லயத்துக்குத் திரும்பி வரவேண்டுமா? பெண்பிள்ளை என்றால் விடுதியில் பொறுப்பாக இருக்கும் ஆசிரியை யார், முஸ்லிம் பிள்ளை என்றால் உடைக்கும் தொழுகைக்கும் நோன்புக்கும் என்ன ஏற்பாடு?

வாயால் சொன்ன பதில் போதாது, கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்து விளங்காவிட்டால், பாடசாலை விட்ட பிறகு எந்த நாளும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து வாசிப்போம்.