கிராபிக்ஸ் கார்டு கோளாறா? புதியது வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வீட்டுக் கணினியின் திரை திடீரெனக் கருப்பாவதும், கோடுகளும் வண்ணப் புள்ளிகளும் தோன்றுவதும் கிராபிக்ஸ் கார்டு கோளாறின் அறிகுறிகளாகும். எனினும், பழுது எப்போதும் கார்டில்தான் இருக்கும் எனக் கூற இயலாது.

விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, பயாஸ் திரையிலும் கோடுகள் தெரிந்தால் டிரைவர் மென்பொருள் காரணமல்ல. கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பார்த்த பின்னரும் கோடுகள் நீடித்தால் கார்டைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் தொடங்கிய பிறகு மட்டுமே சிக்கல் எழுந்தால், பழைய டிரைவரை முழுமையாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவ வேண்டும்.

விளையாட்டின்போது மட்டும் கணினி அணைந்தால், வெப்பம் அல்லது மின்விநியோகக் குறைபாடு காரணமாக இருக்கலாம். மதர்போர்டு ஸ்லாட் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் மின்சாரத்தையே வழங்கும். 6 பின் இணைப்பு கூடுதலாக 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் அளிக்கும். இவை தளர்வின்றிப் பொருந்தியுள்ளனவா என்பதையும், விசிறிகளில் தூசி படிந்துள்ளதா என்பதையும் மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பார்க்க வேண்டும்.

பிராசஸரிலேயே கிராபிக்ஸ் வசதி இருந்தால், கார்டை அகற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டில் இணைத்துச் சோதிக்கலாம். இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என முடிந்தால் இவ்வசதி இருக்காது. வேறொரு கணினியிலும் அதே கோளாறு தொடர்ந்தால் கார்டு பழுதானது உறுதியாகும். உத்தரவாதக் காலம் முடியாத கார்டைப் பிரிக்காமல் சேவை மையத்தில் ஒப்படைப்பதே நல்லது.